செய்திக்கு முன்னால் ஒரு விசில்

“ரேடியோவுல செய்திக்கு முன்னாடி ஒரு விசில் வருமே, அதை அடிச்சது யாரும்மா? நீ அங்கதானே வேலை பாக்குற, உனக்குத் தெரிஞ்சிருக்குமே” என்று, காற்சட்டையின் இடுப்பைப் பிரித்துத் தைக்கக் கொடுக்க வந்த ஒருவர் ஒருமுறை அவளைக் கேட்டார்.

அவள் “தெரியாதுங்க” என்றாள்.

சொல்லி முடிப்பதற்குள் காதுமடல் சுட்டது. விசிலடித்தவள் அவளுக்குப் பின்னால் மூன்றடி தூரத்தில், உதட்டில் நாலு குண்டூசியைக் கவ்விக்கொண்டு, ஒரு சட்டைக் கைக்கு மடிப்பு வைத்துக்கொண்டிருந்தாள். அம்மா நிமிரவில்லை. வந்தவர், “எவனோ நல்லா அடிச்சிருக்கான். தினம் அதைக் கேட்டுட்டுத்தான் நான் கடை திறக்குறது” என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் தெருவில் இறங்கிய பிறகு அம்மா ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பஞ்சுத் திண்டில் குத்தினாள்.

“எவனோவாம்” என்றாள். அவ்வளவுதான். தையல் மெஷின் மறுபடியும் ஓடத் தொடங்கியது.

அம்மாவைக் காட்டிக்கொடுக்காமல் இருப்பதாகத்தான் மகள் நினைத்துக்கொண்டாள். பெண்பிள்ளை விசிலடிப்பதென்றால் யார் வீட்டிலும் கொஞ்சம் முகம் சுளிப்பார்கள். அப்பா இருந்தவரை அம்மா வீட்டுக்குள் உதட்டைக் குவித்ததே இல்லை. பெரிய மாமா கல்யாணத்துக்குக் கல்யாணம் அதைச் சொல்லிச் சிரிப்பார்: “என் தங்கச்சி ஊதினா குக்கர் அடங்கிடும்.” எல்லாரும் சிரிப்பார்கள். அம்மாவும் சிரிப்பாள். ஆனால் அன்று “தெரியாதுங்க” என்று சொன்னது மாமாவின் சிரிப்பைவிட மோசமான காரியம் என்பது மகளுக்கு உள்ளுக்குள் தெரிந்தே இருந்தது. தெரிந்த பிறகு ஒரு வருஷமாக அவளுக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை.

அவள் பத்தாவதோடு நின்றவள். படிப்பு வராமல் இல்லை. வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். நாற்பது பேர் சிரிப்பதை எத்தனை நாள் கேட்பது? ஒருநாள் பையை மாட்டிக்கொண்டு கிளம்பியவள் தெருமுனை வரை போய்த் திரும்பிவிட்டாள். மறுநாள் தெருமுனை வரைகூடப் போகவில்லை. ஆனால் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அந்தக் கையெழுத்துதான் அவளுக்கு ரேடியோ ஸ்டேஷனில் வேலை வாங்கிக் கொடுத்தது. பேச்சை விற்றுப் பிழைக்கும் இடத்தில் பேசாமல் பிழைக்க ஒரு நாற்காலி காலியாக இருந்தது.

ஸ்டேஷன் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. டயர்க் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் நாலு அறை. ஸ்டுடியோவுக்கும் அவள் மேஜைக்கும் நடுவில் ஒரு கண்ணாடி; மேஜைமேல் ஒரு ஸ்பீக்கர், சுவரில் ஒரு கடிகாரம். காலை எட்டிலிருந்து மாலை நாலு வரை என்ன ஒலிபரப்பானது என்று லாக் தாளில் எழுத வேண்டும். இன்ன பாட்டு, இன்ன பாடகர், இன்ன கருவி வாசித்தவர்கள், இத்தனை நிமிஷம். மணிக்கு ஒரு தாள். ஒவ்வொரு தாளும் கூட்டினால் அறுபது நிமிஷம் வந்தாக வேண்டும். அதுதான் மேனேஜரின் ஒரே வேதவாக்கு.

அறுபது வரவழைப்பதற்கு ஒரு வழி இருந்தது. முதல் நாளே அறிவிப்பாளர் சொல்லிக் கொடுத்துவிட்டார். மூன்று நிமிஷம் இருபது வினாடிப் பாட்டை நாலு நிமிஷம் என்று எழுது. மூன்றே முக்கால் என்றால் அதுவும் நாலு. எல்லாப் பாட்டையும் இப்படிக் கொஞ்சம் ஊதிவிட்டால் தாள் அறுபதில் கச்சிதமாக வந்து உட்காரும்.

“அப்போ செய்திக்கு முன்னாடி போடுறது, சார்?” என்று அன்று அவள் மெல்லக் கேட்டாள்.

“அது ஃபில்லர்மா. அதை எழுதக் கூடாது. பாத்திரத்துல பாத்திரம் அடுக்கினா நடுவுல காத்து இருக்கும்ல, அதைப் போயி யாராவது எண்ணுவாங்களா?”

செய்தி வேறு எங்கிருந்தோ கம்பி வழியாக மணியடித்தாற்போல் வரும். அதற்குள் பாட்டு முடிந்து இரண்டு நிமிஷமோ ஐந்து நிமிஷமோ மிச்சம் இருந்தால் அந்த இடைவெளியில் போடுவதுதான் ஃபில்லர். வார்த்தை இருக்கும் பாட்டைப் பாதியில் வெட்டினால் கேட்கிறவர்களுக்குக் கோபம் வரும். விசிலை எங்கே வெட்டினாலும் யாருக்கும் வலிக்காது. அதனால் எத்தனையோ வருஷமாக அந்த ஸ்டேஷனில் ஃபில்லர் என்றால் அந்த ஒரு விசில்தான். இசைத்தட்டின் உறையில் ‘குழுவினர்’ என்று மட்டும் போட்டிருக்கும். அந்தக் குழுவினர்தான் வீட்டில் உட்கார்ந்து அடுத்தவர் காற்சட்டைக்கு இடுப்புப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அறிவிப்பாளருக்கு அந்த விசில்மேல் தனிப் பிரியம். ஐம்பத்தைந்து வயது, தேன் குரல், உடம்பு முழுக்கச் சர்க்கரை. ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது அவர் எழுந்தாக வேண்டும். கழிப்பறையோ முதல் மாடியில். அவர் விசில் தட்டைப் போட்டு, திரும்பத் திரும்ப ஓடும்படி பொத்தானை அழுத்திவிட்டு, மேனேஜர் காதில் விழாதபடி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்குவார்.

“இந்த விசிலடிச்ச மவராசன் நூறு வருஷம் நல்லா இருக்கணும்” என்று மூச்சிரைக்கத் திரும்பி வந்து சொல்லுவார். “அவன் இல்லேன்னா என் மானம் என்னிக்கோ மைக்குல போயிருக்கும். நீ என்ன சொல்ற, சத்தம்?”

சத்தம் என்பது அவர் அவளுக்கு வைத்த பெயர். அவள் போடாத ஒரே பொருளின் பெயரையே அவளுக்கு வைத்துவிட்டார். மவராசன் இல்லை சார், மவராசி என்று சொல்ல அவள் ஒவ்வொரு முறையும் வாயைத் திறப்பாள். திறந்த வாயில் காற்று போய்விட்டு வரும்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தத் தகவல் வந்தது. இனிமேல் பாட்டுப் போடுகிற ஸ்டேஷன் எல்லாம், எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் கொடுப்பதுபோல், பாடினவருக்கும் வாசித்தவருக்கும்கூடக் கொடுக்க வேண்டுமாம். கலைஞர் சங்கத்தின் செயலாளர், ஒரு டிரம்ஸ்காரர், நடையாய் நடந்து ஸ்டேஷன் முதலாளியைச் சம்மதிக்க வைத்துவிட்டார். மாதம் ஒரு தொகை. அதை லாக் தாளில் உள்ள நிமிஷக் கணக்குப்படி சங்கம் பிரித்துக்கொள்ளும். இந்த மாதத் தாள்கள்தான் முதல் பட்டியலுக்கு ஆதாரம்.

மேனேஜருக்குப் பொறுக்கவில்லை. டீ நேரத்தில் குதித்தார்.

“நாம போடுறதாலதானய்யா இவங்களை நாலு பேருக்குத் தெரியுது. முகத்தைக் காட்டுறதுக்குக் கண்ணாடி முகத்துக்குக் கூலி குடுக்குமா?”

“முகமே இல்லேன்னா கண்ணாடியை எவன் சார் வாங்குவான்?” என்றார் அறிவிப்பாளர்.

“நீங்க யாரு கட்சி?”

“நான் சம்பளக் கட்சி. ஊரார் வீட்டு நெய்யே என் பொண்டாட்டி கையேன்னு இத்தனை வருஷம் பரிமாறிட்டோம். நெய்க்காரன் வந்து கேக்குறான், குடுத்துட்டுப் போங்க.”

“குடுத்தா நெய்யை நிறுத்திட்டு எண்ணெய்க்குப் போயிடுவேன்” என்றார் மேனேஜர், டம்ளரை வைத்துவிட்டு.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவள் பென்சிலின் அடியைக் கடித்துக் கடித்து மரம் தெரிய வைத்திருந்தாள்.

வீட்டுக்கு வந்தால் அம்மாவுக்குச் செய்தி முன்பே வந்திருந்தது. செயலாளர் பழைய ஆள். விசில் பதிவான அன்று அவர்தான் டிரம்ஸ் வாசித்தவர். அவர் வீட்டம்மா தைக்கக் கொடுத்த துணியோடு சேதியும் வந்துவிட்டது. அம்மா மெஷினை விட்டு எழுந்து, அறையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தாள். கழுத்தில் தொங்கிய அளவுநாடா ஆடியது.

“ஏன்டி, ஒரு நாளைக்கு எத்தனை தரம் வரும் என் விசிலு?”

“பத்துப் பன்னெண்டு தரம் வரும்மா.”

“அன்னிக்கு நான் எதுக்குப் போனேன் தெரியுமா? பின்பாட்டு பாட. அஞ்சு பொண்ணுல நான் அஞ்சாவது. புல்லாங்குழல்காரன் வரலை. இசையமைச்ச மனுஷர் தலையில கையை வச்சுட்டு உக்காந்திருந்தாரு. நான் பாட்டுக்கு மூலையில விசிலடிச்சிட்டு இருந்தேன். ‘ஏம்மா, மைக்குக்குப் பக்கத்துல வந்து சும்மா ஒருதரம் அடிச்சுக் காட்டு’ன்னாரு. அடிச்சேன். ‘போதும், முடிஞ்சுது’ன்னாரு. என்ன முடிஞ்சுதுன்னு எனக்குப் புரியலை. கடைசியில பின்பாட்டுக்குள்ள கூலியை வாங்கிட்டு வந்துட்டேன்.”

இந்தக் கதையை அம்மா இதுவரை முழுசாகச் சொன்னதே இல்லை.

“எனக்குப் பணம் வந்தாலும் சரி வராட்டாலும் சரி” என்றாள் அம்மா. பிறகு, “பொய். வரட்டும். வேண்டாம்னு சொல்ல நான் என்ன சாமியாரா? ஆனா அந்தப் பட்டியல்ல என் பேரு இருக்கணும்டி. ‘எவனோ’ன்னு இருக்கக் கூடாது” என்றாள். மெஷினில் உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். “எனக்கு என்ன கவலை. எழுதுறது நீதானே.”

எழுதுகிறவள் அன்றிரவு சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். இரண்டு வருஷத் தாள்களில் அம்மாவின் விசில் ஒரு வரிகூட இல்லை. இல்லாமல் செய்தது அவள் கை. அதைச் சொல்லத் தலையை நிமிர்த்தினாள். அம்மா பழைய பெட்டியைத் திறந்து நல்ல சேலை ஒன்றை எடுத்து உதறிக்கொண்டிருந்தாள். தலை தானாகக் குனிந்துவிட்டது.

மறுநாள் எட்டு மணித் தாளிலேயே அவள் தொடங்கிவிட்டாள். மூன்று நிமிஷம் இருபது வினாடிப் பாட்டை மூன்று இருபது என்றே எழுதினாள். விளம்பரத்தைக் கடிகாரம் பார்த்து எழுதினாள். செய்திக்கு முன்னால் ‘விசில்’ என்று ஒரு வரி. வாசித்தவர் என்ற இடத்தில் அம்மாவின் பெயரை எழுதத் துணிவு வராமல் ‘குழுவினர்’ என்றே போட்டாள். பத்து மணிக்குக் கூட்டிப் பார்த்தால் அறுபத்திரண்டு. ஒரு வானொலியில் மணிக்கு அறுபத்திரண்டு நிமிஷம் எப்படி வரும்? தேடிப் பார்த்ததில், பழக்க தோஷத்தில் மூன்று பாட்டை ஊதி எழுதியிருந்தாள். திருத்தினாள். அறுபது வந்தது. ஊதாமல் எழுதி வந்த முதல் அறுபது. அவளுக்கு எழுந்து நடக்க வேண்டும்போல் இருந்தது. நடக்க இடமில்லாததால் மேஜையின் கீழே கால்களை ஆட்டிக்கொண்டாள்.

மாலை நாலு மணிக்கு அறிவிப்பாளர் வந்து டீயைக் குடித்துக்கொண்டே எட்டுத் தாளிலும் கையெழுத்துப் போட்டார். அவர் ஒருநாளும் தாளைப் பார்த்ததில்லை, டீயைத்தான் பார்ப்பார்.

“என்ன சத்தம், இன்னிக்கு எத்தனை தப்பு?”

“ஒண்ணும் இல்ல சார்.”

“அப்போ உலகம் இன்னும் ஒரு நாள் ஓடும்.”

இப்படியே நாள் போயிற்று. அம்மா தினமும் கேட்பாள்: “இன்னிக்கு எத்தனை?” மகள் விரலால் காட்டுவாள். அம்மா அதை நெஞ்சுக்குள் போட்டுக்கொண்டு மெஷினை மிதிப்பாள். ஒருநாள் காஜா எடுத்துக்கொண்டிருந்தபோது, தன்னை அறியாமல் உதட்டைக் குவித்து இரண்டு அடி விசிலடித்துவிட்டுச் சட்டென்று நிறுத்தினாள். அடுத்த வீட்டு ஜன்னல் திறந்து மூடியது.

இருபதாம் தேதிதான் அது நடந்தது. பத்தரைக்கு அறிவிப்பாளர் விசில் தட்டைப் போட்டுவிட்டுக் கீழே போனார். விசில் முடிந்து மறுபடி தொடங்கியது. மறுபடி முடிந்து, மறுபடி. கழிப்பறைக் கதவு பூட்டிக் கிடந்திருக்கிறது. சாவி டயர்க் கடைக்காரரிடம். டயர்க் கடைக்காரர் தெருவில். அவள் கடிகாரத்தைப் பார்த்தாள், படியைப் பார்த்தாள், மேனேஜர் அறையின் மூடிய கதவைப் பார்த்தாள். அன்று அவர் வரப் பதினொன்றாகும் என்பது ஒரு நிம்மதி. ஆறாவது தடவை விசில் ஓடிக்கொண்டிருக்கும்போது அறிவிப்பாளர் வியர்த்து விறுவிறுத்து ஏறி வந்தார், மைக்கை இழுத்து, தேனில் ஒரு சொட்டுக் குறையாத குரலில், “என்ன நேயர்களே, விசிலுக்கு உங்க வீட்டு நாய் ஓடி வந்துச்சா?” என்றார். கண்ணாடி வழியாக அவளைப் பார்த்துக் கண்ணடித்தார்.

பதினேழு நிமிஷம்.

பேனா தாளுக்கு மேலே நின்றது. பழைய வழி இருக்கவே இருந்தது. நாலு பாட்டுக்கு மூன்று மூன்று நிமிஷமாகப் பிய்த்துப் போட்டால் பதினேழு ஐந்தாகிவிடும், யாருக்கும் தெரியாது. ஆனால் அந்தப் பன்னிரண்டு நிமிஷமும் அம்மாவின் மூச்சு. இதுவரை பிய்த்துப் போட்டதெல்லாமே அதுதானே? இன்னும் எத்தனை காலம் பிய்ப்பது? ‘விசில், குழுவினர், 17’ என்று எழுதினாள். நாள் முடிந்ததும் அந்தத் தாளை எட்டுத் தாளுக்கு நடுவில் ஐந்தாவதாகச் செருகினாள். ஏன் ஐந்தாவது என்று அவளையே கேட்டுக்கொள்ளவில்லை.

மாலையில் அவரிடம் சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை எழுந்தாள். முதல் முறை அவர் டீயை ஊதிக்கொண்டிருந்தார். இரண்டாம் முறை அவர் கையெழுத்துப் போட்டு முடித்துவிட்டார்.

மாதக் கடைசி நாள், மாலை நாலரைக்கு, மேனேஜர் அறையில் கூடினார்கள். செயலாளர் முதல் பட்டியலை வாங்கிப் போக வந்திருந்தார். அம்மா நல்ல சேலை கட்டி, கைப்பையை மடியில் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். பழைய பழக்கத்தில் அம்மாவை அழைத்தது செயலாளர்தான். பட்டியலின் உச்சியில் என்ன இருக்கிறது என்று அப்போது அவருக்குத் தெரியாது. தாள்களைக் காட்டுவதற்காக மகள் கதவோரம் நின்றாள்.

மேனேஜர் மொத்தம் போட்ட தாளைப் படித்தார். சிரித்தார்.

“முதல் இடம் யாருன்னு பாருங்க. பெரிய பாடகி இல்ல. பாடகர் இல்ல. விசில். நம்ம ஸ்டேஷன்ல விசில்தான் மகாராணி போல.”

செயலாளர் தாளை வாங்கிப் பார்த்தார். அவர் முகம் மெல்ல மெல்ல வாடியது. “என்ன சார் இது? போன மாசத்தோட பாத்தா எல்லாருக்கும் நிமிஷம் குறைஞ்சிருக்கு. ஃபில்லரைப் போயி எதுக்குச் சேத்தாங்க? அது பாட்டுக்கும் செய்திக்கும் நடுவுல அடைக்கிற பஞ்சு.”

“பஞ்சா?” என்றாள் அம்மா. “பஞ்சை உருவிட்டு மெத்தையில படுத்துப் பாரு தம்பி, தெரியும்.”

“அக்கா, நான் உங்களைச் சொல்லலை.”

“என்னைத்தான் சொல்ற. அன்னிக்குப் புல்லாங்குழல்காரன் வந்தானா?”

“வரலை.”

“அப்போ ஊதினது யாரு, உங்க தாத்தாவா?”

செயலாளர் தலையைச் சொறிந்தார். “இவங்கதான் சார். நான் பக்கத்துல டிரம்ஸை பிரஷ்ல தட்டிட்டு இருந்தேன். அதுல ஒண்ணும் சந்தேகம் இல்ல.”

மேனேஜருக்கு இது புதிது. அம்மாவை மேலும் கீழும் பார்த்தார். “நீங்களா? பெண் குரல்... குரல்னு சொல்ல முடியாது. சரி, எதுக்கும் ஒருதரம் சும்மா அடிச்சுக் காட்டுங்களேன்.”

“முன்னாடி ஒருதரம் அப்படித்தான் சும்மா அடிச்சுக் காட்டச் சொன்னாங்க” என்றாள் அம்மா. “அதைத்தான் இத்தனை வருஷமா நீங்க போட்டுட்டு இருக்கீங்க.”

செயலாளர் சிரித்துவிட்டு, சிரித்தது தப்போ என்று இருமினார். மேனேஜர் சிரிக்கவில்லை. தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டத் தொடங்கினார். ஐந்து நிமிஷம். ஏழு நிமிஷம். ஒன்பது. தாள் நின்றது.

“பதினேழா?” என்றார். “இருபதாம் தேதி பத்தரைக்கு? பதினேழு நிமிஷம் ஸ்டேஷன்ல ஆளே இல்லையா?”

அறிவிப்பாளரைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் டீ டம்ளரோடு வந்து, யாரோ வந்திருக்கிறார்கள் என்று எல்லாருக்கும் பொதுவாக ஒரு வணக்கம் போட்டார். மேனேஜர் தாளைத் திருப்பி அவர் பக்கம் தள்ளினார். அறிவிப்பாளர் முதல் முறையாக ஒரு லாக் தாளைப் படித்தார். நெடுநேரம் படித்தார். டம்ளரை மேஜையில் வைத்தார்.

“கீழ இருக்கிறது உங்க கையெழுத்துதானே?”

“என்னுதுதான்.”

மேனேஜர் மகள் பக்கம் திரும்பினார். “நீ சொல்லு. நிஜமா பதினேழு நிமிஷம் ஓடுச்சா?”

அறையில் இருந்த எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அம்மா பார்த்தாள், கைப்பையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு. அறிவிப்பாளர் பார்த்தார். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அதைப் பிய்த்து எடுத்தாள்.

“ஓடுச்சு சார்.”

“பொண்ணு தப்பாக்கூட எழுதியிருக்கும் சார்” என்றார் செயலாளர் வேகமாக. அவருக்கு அவருடைய ஆட்களின் நிமிஷம்தான் கவலை. “சின்னப் பொண்ணு. ஃபில்லர் எழுதற வழக்கமே இல்லையே. எல்லா ஃபில்லரையும் அடிச்சிட்டாப் பழையபடி ஆயிடும், யாருக்கும் சங்கடம் இல்ல.”

மேனேஜர் பின்னால் சாய்ந்தார். “ரெண்டுல ஒண்ணுதான்” என்றார் அறிவிப்பாளரிடம். “அவ தப்பா எழுதினான்னா சொல்லுங்க, இந்த வரியெல்லாம் அடிச்சிடறேன், முடிஞ்சுது. சரியா எழுதினான்னா, நீங்க மைக்கை விட்டு எந்திரிச்சுப் போயிருக்கீங்க. இந்த மாசம் மட்டும் எத்தனை தடவைன்னு நான் எண்ணட்டுமா?”

அறிவிப்பாளர் அம்மா பக்கம் திரும்பினார்.

“அந்த விசில் நீங்களாம்மா?”

“நான்தான்.”

“ஆம்பளைன்னு நினைச்சு இத்தனை வருஷம் வாழ்த்திட்டு இருந்தேன்” என்றார். “எல்லாம் வேற விலாசத்துக்குப் போயிருக்கு.”

பிறகு தாளை எடுத்து, ஓரத்தை நேராக்கி, மேனேஜர் முன்னால் வைத்தார். “சரியாத்தான் எழுதியிருக்கா. தப்பு எழுதத் தெரியாது அதுக்கு. நான்தான் எந்திரிச்சுப் போனேன்.”

“எங்க?”

“கீழ.”

“கீழ எதுக்கு?”

“போனேன் சார். போனேன்னா விடுங்களேன்.”

எதற்கு என்று அந்த அறையில் இன்னும் ஒருத்திக்குத் தெரியும். சர்க்கரை என்று ஒரு சொல். கழிப்பறை என்று ஒரு சொல். சாவி இல்லை என்று இரண்டு சொல். நாலே சொல்தான். அவள் வாயைத் திறந்தாள். ஒரு பெண்ணும் மூன்று ஆண்களும் இருக்கிற அறையில் அந்த மனிதரின் மூத்திரத்தைப் பற்றி அவள் எப்படிப் பேசுவாள்? அப்படித்தான் அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள். அம்மாவுக்காக வந்த வாய் அவருக்காக வரவில்லை.

“நாளைக்குக் காலையில நீங்க வர வேண்டாம்” என்றார் மேனேஜர். “முதலாளிகிட்ட பேசிட்டுச் சொல்லி அனுப்புறேன்.”

அறிவிப்பாளர் தலையை அசைத்துவிட்டு ஸ்டுடியோப் பக்கம் போனார்.

மேனேஜர் பட்டியலை அம்மா பக்கம் நகர்த்தினார். “உங்க பேரை நீங்களே எழுதுங்க, ‘குழுவினர்’ங்கிறதை அடிச்சுட்டு. அடுத்த மாசம் இது இருக்காது, சொல்லிட்டேன். நாளையிலிருந்து ஃபில்லருக்குக் கடிகாரச் சத்தம். டிக் டிக்னு அது பாட்டுக்கு அடிக்கும். அதுக்கு யாரும் பேரு கேட்டு வர மாட்டாங்க.”

செயலாளர் பேனாவைத் திறந்து கொடுத்தார். அம்மா அதை ஊசி பிடிப்பதுபோல் பிடித்தாள். நாளையிலிருந்து இல்லை என்பது காதில் விழுந்ததா இல்லையா என்று அவள் முகத்தில் தெரியவில்லை. ‘குழுவினர்’ என்ற சொல்லின்மேல் நிதானமாக ஒரு கோடு இழுத்தாள். அதற்குமேல் தன் பெயரை எழுதத் தொடங்கினாள். முதல் எழுத்து கொஞ்சம் பெரிதாகப் போய்விட்டது. மற்றதையும் அதே அளவுக்குப் பெரிதாக எழுதினாள்.

“வெளியில போயி நில்லுடி. ஏன் இப்படி நடுங்குற?” என்றாள், எழுதிக்கொண்டே.

மகள் வெளியே வந்தாள். அறிவிப்பாளர் ஸ்டுடியோவில் விளக்கைப் போடாமலே அவருடைய பொருள்களைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். மாத்திரை டப்பா, மூக்குக் கண்ணாடிக் கூடு, ஒரு குடை. குடை பைக்குள் போகவில்லை. திரும்ப எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். அவள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றாள். என்ன சொல்ல வேண்டும் என்று யோசித்து வைத்துக்கொண்டாள். வரிசைப்படுத்தினாள். முதலில் மன்னிப்பு, பிறகு சாவி விஷயம், மேனேஜரிடம் தானே போய்ச் சொல்கிறேன் என்பது கடைசியில். இல்லை, அதுதான் முதலில்.

அவர் கதவைத் திறந்து வெளியே வந்தார். அவள் “சார்” என்றாள்.

நின்றார். காலை எட்டிலிருந்து மாலை நாலு வரை ஊருக்கே பேசுகிற மனிதர். அவளைப் பார்த்தார், அவள் மேஜைமேல் அடுக்கியிருந்த, இன்றைக்கு இன்னும் கையெழுத்துப் போடாத எட்டுத் தாள்களைப் பார்த்தார். குடையை மேஜைமேல் வைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, முதல் தாளை மேலிருந்து கீழ்வரை படித்தார். கையெழுத்துப் போட்டார். இரண்டாவதைப் படித்தார். எட்டையும் வரி வரியாகப் படித்து எட்டிலும் போட்டார். அவள் பக்கத்திலேயே நின்றாள். வரிசைப்படுத்தி வைத்திருந்தது முழுக்கக் கலைந்துபோயிற்று.

பேனாவை மூடிப் பையில் செருகினார். குடையை எடுத்துக்கொண்டார். செருப்பைக் கையில் எடுக்காமல் காலிலேயே மாட்டிக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்துப் படியிறங்கிப் போனார்.